பின்பக்கம் நின்று எழுதிய பட்டியல்

கண்காணிப்புத் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது: “வெப்பம் அதிகம்: லோக்கல்ஹோஸ்ட்.” நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செடெனாக்கில் ஒரு தரவு மையம். அந்தக் கூடத்தில் அன்று முப்பத்திரண்டு புதிய சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. முப்பத்திரண்டுக்கும் பெயர் லோக்கல்ஹோஸ்ட்தான். இயங்குதளத்தை ஏற்றியதும் இயந்திரம் தானாகவே வைத்துக்கொள்ளும் பெயர் அது. யாராவது உட்கார்ந்து மாற்றும்வரை அப்படியே இருக்கும். யாரும் உட்காரவில்லை. முகவரி எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், எந்த எண் எந்தப் பெட்டிக்கு என்று குறித்து வைத்திருந்தவர் விடுமுறையில் போயிருந்தார்.

கடைசியில் குணா அண்ணன்தான் உள்ளே போனார். அவர் ஒப்பந்த நிறுவனத்தின் தொழில்நுட்பர். இயந்திரங்களைத் தூக்குவது, பொருத்துவது, கழற்றுவது எல்லாம் அவர் கையால்தான் நடக்கும். வரிசையாக நடந்து ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“இந்து, பதினேழாவதுக்குக் காய்ச்சல்மா. பனடோல் இருக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லட்சக்கணக்கில் விலை போன இயந்திரங்களில் எது சூடாகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதர் கையை வைத்துப் பார்க்கிறார். அந்த நிமிடம்தான் தோன்றியது. எந்த இயந்திரமாக இருந்தாலும் முதலில் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயரும் ஒரே ஒரு கோப்பிலிருந்துதான் போக வேண்டும். ஆள் உட்கார்ந்து தட்டக் கூடாது.

இது நடந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. போன வாரம் அந்த வேலையிலிருந்து விலகினேன். எனக்கு வயது முப்பத்தொன்று. ஆனாலும் எனக்குக் கீழே இருந்த இளையவர்கள் “ரிட்டயர்மென்ட் பார்ட்டி” என்று கேக்கில் எழுதி வெட்டச் சொன்னார்கள். “போறதுக்கு முன்னாடி அந்த சி வரிசை கதைய எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா, ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க” என்றார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் கட்டுரையை ஓய்வு பெறாமலேயே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லாபிஸ் பக்கத்தில் பிறந்தேன். ஜொகூர் பாருவில் டிப்ளோமா முடித்தேன். உலு திராமில் வாடகை அறை, பழைய மைவி கார், நெடுஞ்சாலை, செடெனாக். முதல் வருடம் முழுவதும் மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்தேன். இரண்டாம் வருடத்தில் தட்டச்சு செய்யாமல் இருப்பது எப்படி என்று படித்தேன்.

அங்கேதான் ஆன்சிபிள் என்ற கருவி கையில் கிடைத்தது. அது வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு இயந்திரமும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். கருவி ஒவ்வொன்றிடமும் போய்ப் பார்க்கும். எழுதியபடியே இருந்தால் தொடாமல் பச்சை வரி காட்டும். மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிவிட்டு மஞ்சள் வரி காட்டும். முடியாவிட்டால் சிவப்பு. அதே கோப்பை இரண்டாம் முறை ஓட்டினால் எல்லாமே பச்சையாக வர வேண்டும். அப்படி வந்தால் வேலை முடிந்தது என்று பொருள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேலாளர் யோகேஸ்வரி மேடம் இதற்கு ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தமாட்டார். கூடத்தைத் துடைக்க வரும் அம்மாவிலிருந்து பெரிய முதலாளி வரை எல்லோருக்கும் “நீங்க”தான். இத்தனை கணினிகளுக்கு நடுவே மஞ்சள் காகித அட்டையில் பென்சிலால் எழுதுவார். நாம் ஏதாவது விளக்க ஆரம்பித்தால் இரண்டு நிமிடம் கேட்பார். பிறகு ஒரே ஒரு சொல்: “வாசிங்க.” நாம் எழுதி வைத்ததை நாமே சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது பாதித் தப்பு நமக்கே கேட்டுவிடும்.

இதையே அவர் கூடத்தின் நடைமுறையாகவும் ஆக்கியிருந்தார். ஓர் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன், உள்ளே நிற்பவர் அதன் முகப்பில் ஒட்டிய ஸ்டிக்கரைத் தொலைபேசியில் வாசிப்பார். வெளியே இருப்பவர் திரையில் தெரியும் பெயரை வாசிப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கை வைக்கலாம். சி வரிசை வரும்வரை இந்த நடைமுறை ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

நான்காம் ஆண்டில் சி வரிசை வந்தது. பத்து ரேக், அதாவது சர்வர்களை அடுக்கும் இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக நான்கு இயந்திரங்கள். பெயர் வைக்கும் முறையை நானே முன்மொழிந்தேன். வரிசை, ரேக், இடம். சி வரிசையின் மூன்றாவது ரேக்கில் இரண்டாவது இயந்திரம் என்றால் சி-3-2. பெயரைப் பார்த்தாலே நேராக அதன் முன்னால் போய் நிற்கலாம். குணா அண்ணன் முகப்பில் இடமிருந்து வலமாக நாற்பது ஸ்டிக்கர்களையும் ஒட்டினார். நான் பட்டியலை எழுதினேன்.

பட்டியல் என்றால் இரண்டே பத்திதான். ஒரு பக்கம் இயந்திரத்தின் தொழிற்சாலை எண், மறுபக்கம் அதற்குரிய பெயர். கருவி ஒவ்வோர் இயந்திரத்திடமும் “உன் எண் என்ன” என்று கேட்கும், பட்டியலில் தேடும், அந்தப் பெயரை வைக்கும். எண் முன்னாலும் பின்னாலும் பொறிக்கப்பட்டிருக்கும். மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடி வரிசை நெடுக நடந்து, பார்த்துப் பார்த்துத் தட்டினேன். ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்தேன். இன்றைக்கும் சொல்வேன், நாற்பது எண்களில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

பிறகு ஓட்டினேன். நாற்பது மஞ்சள் வரிகள், நாலே நிமிடம். மறுபடியும் ஓட்டினேன். நாற்பதும் பச்சை. முந்தைய வரிசைக்குக் கையால் பெயர் வைக்க ஒன்றரை நாள் ஆனது. அதிலும் இரண்டு இயந்திரங்களுக்கு ஒரே பெயர் விழுந்து ஒரு வாரம் குழப்பம். யோகேஸ்வரி மேடம் பச்சை வரிகளைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு இந்து. இனிமே இப்படியே செய்யுங்க” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. அன்று மதியம் எல்லோருக்கும் தே தாரேக் தேநீர் என் கணக்கில்.

சில வாரங்கள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். சி-3-2-இல் மெமரி பழுது என்று எச்சரிக்கை வந்தது. அந்த வரிசையில் முதல் பழுது அதுதான். அதில் ஓடிக்கொண்டிருந்த வேலைகளையெல்லாம் வேறு இயந்திரங்களுக்கு நகர்த்தினேன். பிறகு திரையிலிருந்து அணைக்கப் பார்த்தேன். எந்தக் கட்டளைக்கும் அசையாமல் பாதியில் தொங்கி நின்றுவிட்டது. பட்டனை அழுத்தித்தான் அணைக்க வேண்டும். குணா அண்ணன் உள்ளே போனார்.

“இந்து, நிக்கிறேன்மா.”

“ஸ்டிக்கரை வாசிங்கண்ணே.”

“சி, மூணு, ரெண்டு.”

“திரையிலயும் சி, மூணு, ரெண்டு. தொங்கிப் போயிருக்கு. பட்டனை அழுத்திப் பிடிங்க.”

அவர் உடனே அழுத்தவில்லை.

“என்னா தொங்கிப் போச்சுங்கிற? பச்சை வெளக்கெல்லாம் டிஸ்கோ ஆடுது. காத்தாடி வேற கத்துது. தொங்கிப் போன மெஷின் மாதிரி இல்லையே.”

“மெமரி கெட்டா அப்படித்தாண்ணே கிறுக்குப் பிடிச்சு ஓடும். உள்ள ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் காலி பண்ணிட்டேன்.”

“நல்லா தெரியுமா?”

“ரெண்டு பேரும் வாசிச்சாச்சு லா. அழுத்துங்கண்ணே.”

“சரி, நீ சொல்ற, நான் அழுத்துறேன்.”

ஐந்து நொடி. என் திரையில் சி-3-2 தொங்கியபடியே இருந்தது. அதற்குப் பதிலாக சி-8-2 சிவப்பானது.

“அண்ணே, எட்டாவது ரேக்குக்கா போனீங்க?”

“எட்டா? மூணாவதுலதான் நிக்கிறேன்!”

சி-8-2-இல் ஓடிக்கொண்டிருந்தது, ஜொகூர் முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் நோயாளிப் பதிவேடு. காலை நேரம். நாற்காலிகளில் நோயாளிகள் கையில் ஊசியோடு படுத்திருந்தார்கள். ரத்தம் சுத்தம் செய்யும் கருவிகளுக்கும் எங்கள் சர்வருக்கும் சம்பந்தம் இல்லை. அவை பாட்டுக்கு ஓடின. ஆனால் யாருக்கு எவ்வளவு நேரம், எந்த மருந்து என்று பார்க்க வேண்டிய திரைகள் எல்லாம் வெறுமையாகிவிட்டன. தாதியர் பழைய காகிதங்களைத் தேடி எடுத்துக் கையால் எழுதிச் சமாளித்தார்கள். யாருக்கும் தீங்கு நேரவில்லை. பதிவேட்டைத் திரும்பக் கொண்டுவர முக்கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் வாடிக்கையாளர் நான்கு முறை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார்.

அன்று மதியம் முதல் அறிக்கையை நான்தான் எழுதினேன். “ஒப்பந்த ஊழியர் தவறான இயந்திரத்தை அணைத்தார்” என்று முதல் வரி. அந்த வரியை எழுதிய விரல்கள் என்னுடையவை.

அறிக்கை போன ஒரு மணி நேரத்தில் ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் தேவன் வந்து குணா அண்ணனின் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு விசாரணை. ஒப்பந்த ஊழியரின் பாஸ் ஒருமுறை போனால் பெரும்பாலும் திரும்பி வராது. வேறு மையத்திலும் எளிதில் சேர்க்கமாட்டார்கள். குணா அண்ணனுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

வெளியே போகும்போது என் மேசையருகே நின்றார். “சி, மூணு, ரெண்டுன்னுதானே வாசிச்சேன்?”

“ஆமாண்ணே.”

“அதை நாளைக்குச் சொல்லு. அது போதும்.”

சொல்வேன் என்றேன். ஆனால் மனதுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. என் பட்டியல் சரி. கருவி பச்சை காட்டியது. எனவே ஸ்டிக்கர்தான் தப்பாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஸ்டிக்கரை ஒட்டியவர் குணா அண்ணன். அதாவது, அழுத்தியதில் தப்பில்லை, ஒட்டியதில்தான் தப்பு என்று நிரூபித்துவிட்டால் அவருக்குக் கொஞ்சம் குறைவான தண்டனை கிடைக்கும் என்று, பெரிய உபகாரம் செய்பவளைப் போல யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை எட்டரைக்கே கூடத்துக்குள் போனேன். முகப்பில் நின்று இடமிருந்து வலமாக எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது ரேக்கில் மூன்று என்றுதான் ஒட்டியிருந்தது. எட்டாவதில் எட்டு. நாற்பதையும் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

அரை மணி நேரத்தில் விரல் விறைத்துவிட்டது. தரவு மையத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், சர்வர்களின் முன்பக்கம் குளிர்காற்று வந்துகொண்டே இருக்கும். பின்பக்கம் அவை ஊதும் சூடான காற்று. அதனால் கொஞ்ச நேரம் கிடைத்தால் எல்லோரும் பின்பக்கம் போய் நிற்போம். சிலர் ரொட்டியைக்கூட அங்கே வைத்துச் சூடாக்குவதுண்டு, மேடத்துக்குத் தெரியாமல். நானும் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். கையைத் தேய்த்துக்கொண்டு, பட்டியலை எடுத்து, இடப்பக்கம் முதல் ரேக்கிலிருந்து எண்களை ஒப்பிட ஆரம்பித்தேன்.

எல்லாம் அப்படியே பொருந்தியது. முதல் ரேக், இரண்டாவது, மூன்றாவது. நான்காவதுக்கு நகரும்போதுதான் பக்கவாட்டில் பார்த்தேன். சற்று முன் முன்னால் நின்றபோது வலது கோடியில் இருந்த சுவர், இப்போது என் இடது கையருகே இருந்தது.

நான் பட்டியலை எழுதிய அன்றும் இங்கேதான் நின்றிருக்கிறேன். குளிரில் தட்டச்சு செய்ய முடியவில்லை என்று பின்பக்கம் வந்து, இடமிருந்து வலமாக ஒன்று முதல் பத்து வரை எழுதியிருக்கிறேன். பின்னாலிருந்து பார்த்தால் முதலாவதாகத் தெரிவது, முன்னாலிருந்து பார்த்தால் பத்தாவது. மூன்று எட்டாகும், எட்டு மூன்றாகும். நாற்பது எண்களையும் பிசகாமல் எழுதி, நாற்பது இயந்திரங்களுக்கும் தப்பான பெயரை வைத்திருந்தேன். கருவி நான் சொன்னதை அப்படியே செய்திருந்தது. பச்சை என்றால் பட்டியலும் இயந்திரமும் ஒத்துப்போகின்றன என்று மட்டும்தான் பொருள்.

விசாரணை அறையில் நால்வர்தான். யோகேஸ்வரி மேடம், தேவன், வருகையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த குணா அண்ணன், நான். தேவன்தான் ஆரம்பித்தார். “மேடம், எங்க ஆளுக்குக் கண்ணு செக் பண்ண அனுப்புறோம். அதுவரைக்கும் வேற ஆள் தர்றோம்.”

“என் கண்ணுக்கு என்னா?” என்றார் குணா அண்ணன். “உங்க கார் நம்பரை இங்க இருந்தே படிக்கட்டுமா? ரோட் டேக்ஸ் முடிஞ்சுபோனதும் தெரியுது.”

மேடம் பென்சிலை எடுத்தார். “இந்து, நேத்து எழுதின அறிக்கைய வாசிங்க.”

“வாசிக்க மாட்டேன் மேடம். முதல் வரியே பொய்.”

காலையில் பார்த்ததைச் சொன்னேன். காகிதத்தில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பத்து எண், அந்தப் பக்கம் பத்து எண் எழுதிக் காட்டினேன். மேடம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முன்னால நின்னு எழுதணும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் மேடம்.”

“பிறகு ஏன் பின்னால போனீங்க?”

“குளிர் மேடம்.”

குணா அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அலமாக்! நீ சூடு காயப் போனதுக்கு எனக்குப் பாஸ் போச்சா?”

“ஆமாண்ணே.”

“ஆமாண்ணேங்கிறா பாரு, கூச்சமே இல்லாம!” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தேவன் சிரிக்கவில்லை. எனக்கும் முடியவில்லை. “விளக்கு ஆடுதுன்னு நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல” என்றேன்.

மேடம் அழிப்பானால் எதையோ அழித்தார். நிதானமாகப் புதிதாக எழுதி, அவரே வாசித்தார். “சி வரிசையின் எல்லா இயந்திரங்களுக்கும் ரேக் எண் இடம் மாறிய பெயர் வைக்கப்பட்டிருந்தது. நமது சரிபார்ப்பு முறை பெயரைப் பெயரோடு மட்டுமே ஒப்பிட்டது. ஆகவே அதனால் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “பட்டியல் உங்களோடது. அதுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். வாசிக்கிற முறை என்னோடது. அதை நான் மேலிடத்துக்குச் சொல்லிக்கிறேன்.” பிறகு தேவனிடம், “இவங்க பாஸை இன்னைக்கே திருப்பிக் குடுங்க. நாளைக்கு எனக்கு இவங்க வேணும்.”

மூன்று மணிக்கு அட்டை குணா அண்ணன் கழுத்துக்குத் திரும்பியது.

மறுநாள் எதை மாற்றுவது என்று எனக்கும் மேடத்துக்கும் சின்ன வாக்குவாதம். ஸ்டிக்கர்களை மாற்றி ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றேன். “மூணாவது ரேக்குல எட்டுன்னு ஒட்டி வச்சா, நாளைக்கு வர்றவங்க எப்படி எண்ணுவாங்க?” என்றார். பெயர்களைத்தான் மாற்ற வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களில்.

இருபது ஜோடி. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பெயர் மாற்ற முடியாது. ஒன்று சி-3-2 ஆக இருக்கும்போதே இன்னொன்றும் சி-3-2 ஆகிவிட்டால் பதிவுகள் கலந்துவிடும். எனவே ஜோடியில் ஒன்றுக்கு முதலில் தற்காலிகப் பெயர், பிறகு மற்றதற்குச் சரியான பெயர், கடைசியில் முதலாவதுக்குச் சரியான பெயர். ஒரு நேரத்தில் ஒரு ஜோடி மட்டும் என்று கருவிக்கு வரம்பு போட்டேன். முதல் ஜோடி மஞ்சள் காட்டியது, பிறகு பச்சை. மறுதொடக்கம் செய்தோம். பழைய பெயரோடு எழுந்து வந்தது! இயந்திரம் எழும்போது பெயர் வைக்கும் ஒரு சிறு நிரல் உள்ளே இருந்து, ஒவ்வொரு முறையும் பழையதையே திரும்பப் போட்டது. “இப்போதுள்ள பெயரைத் தொடாதே” என்று அதற்கு ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அந்த வரியைக் கண்டுபிடிக்க மதியச் சாப்பாடு போனது.

சரிபார்ப்பையும் மாற்றினோம். சர்வர் முகப்பில் நீல விளக்கு ஒன்று உண்டு. திரையிலிருந்து கட்டளை கொடுத்தால் கண் சிமிட்டும். நான் பெயரைச் சொல்லி விளக்கைப் போடுவேன். எந்தப் பெட்டி சிமிட்டுகிறது என்று குணா அண்ணன் சொல்வார். இப்போது பெயரோடு ஒப்பிடப்படுவது பெட்டியே.

“சி-6-4 போடுறேன்ணே.”

“ஆறாவதுல நாலாவது. கண்ணடிக்குது. என்னைத்தான் பாக்குது போல.”

“அடுத்தது சி-5-4.”

“அதுவும் அடிக்குது. இந்து, இப்ப நீ எங்க நிக்கிற? பின்னால இல்லையே?”

இருபது ஜோடியும் முடிய வெள்ளிக்கிழமை மாலை ஆனது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளில் அந்தக் கூடத்தில் தவறான இயந்திரம் ஒன்றுகூட அணைக்கப்படவில்லை. அதை நெஞ்சை நிமிர்த்தியே சொல்வேன். பச்சை வரிகளை இப்போதும் விரும்புகிறேன். ஆனால் முதலில் நீல விளக்கு, பிறகுதான் பச்சை.

ஏன் விலகினேன் என்று கேட்கிறார்கள். செடெனாக்கில் இனிப் பெயரில்லாத இயந்திரம் இல்லை. ஆனால் உலு திராம் பக்கம் உள்ள தொழிற்சாலைகளில், பொட்டலம் கட்டும் வரிசைகளில், இருநூறு முந்நூறு சிறு கணினிகள் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. பழுதானால் இன்றைக்கும் ஒருவர் போய்க் கையை வைத்துப் பார்க்கிறார். நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அதற்கென்று சின்னதாக ஒரு நிறுவனம் தொடங்கியிருக்கிறோம்.

முதல் தொழிற்சாலை வரும் திங்கட்கிழமை. அங்கே நீல விளக்கு இல்லாத மலிவு இயந்திரங்கள். ஆகவே ஒவ்வொன்றின் திரையிலும் ஓர் எண் தோன்றும். முன்னால் நிற்பவர் தான் நிற்கும் இடத்தையும் அந்த எண்ணையும் தன் கைப்பேசியில் தட்டினால்தான் கருவி பெயரை வைக்கும். தட்டியது பட்டியலோடு ஒத்துவராவிட்டால், முழு வரிசைக்கும் பெயர் வைப்பதையே கருவி நிறுத்திவிட வேண்டும். காகிதத்தில் இது அழகாக வேலை செய்கிறது. அதனால் திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, வேண்டுமென்றே இடம் மாற்றி எழுதிய ஒரு பட்டியலை அதற்குக் கொடுக்கப்போகிறேன். அது மறுக்க வேண்டும். மறுக்காவிட்டால், இருநூறில் ஒன்றுக்குக்கூடப் பெயர் வைக்காமல் திரும்பி வந்து மறுபடியும் எழுதுவேன்.